செத்த கப்பல்

எங்கள் வேலையில் ஒரு பெயர் உண்டு,
செத்த கப்பல்.
மூழ்கினதல்ல, ஆட்களும் சாகவில்லை.
மேல்தளத்தில் எவனோ ஒருவன்
சட்டை காயப்போட்டிருப்பான்.
இஞ்சின் மட்டும் நின்றிருக்கும்.
அவ்வளவு இரும்பும்
அலை சொன்ன பக்கம் திரும்பும்.

டர்பன் துறைமுகத்தில் ஒன்பது வருடமாய்
இழுவைப் படகில் கயிறு பிடிக்கிறேன்.
ஊருக்குத் தெரிந்தது அது.
தெரியாதது,
கடற்கரைச் சூதாட்டக் கூடத்தில்
இடமிருந்து நான்காவது இயந்திரத்துக்கு
என் விரலின் சூடு தெரியும் என்பது.

என் வேதாகமத்தின் பின்னட்டையில்
நீல மையில் பதினோரு தேதிகள்.
ஒவ்வொன்றின் கீழும் "இனி இல்லை ஆண்டவரே",
ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து.
பதினொன்றும் வங்கி திருப்பியனுப்பிய காசோலைகள்.
ஒன்பதாவதை எழுதிய வாரம்
மகள் ஷெர்லினின் பள்ளிக் கட்டண உறை காலியானது.
பழைய சப்பாத்தின் முனையை அவளே
கறுப்புப் பேனாவால் தீட்டிக்கொண்டாள்.
என்னிடம் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

சாட்ஸ்வர்த் தகரக் கோவிலில்
பாஸ்டர் மூட்லி மேசையில் குத்துவார்:
"எழும்பு! யுத்தம் பண்ணு!"
எழும்பினேன். பண்ணினேன்.
ஞாயிறு முதல் வியாழன் வரை ஜெயம்.
வெள்ளிக்கிழமை சம்பளம்.

ஜூலையில் ஓர் இரவு,
ப்ளஃப் மலைக்கு வெளியே தென்மேற்குக் காற்று
ஒரு கொள்கலன் கப்பலைப் புரட்டிக்கொண்டிருந்தது.
செத்த கப்பல்.
ஏழாவது மாடி உயரத்துக்குக் கயிறு கொடுத்தோம்.
வாங்கினார்கள், கட்டினார்கள்.
எங்கள் படகு மூச்சைப் பிடித்து இழுக்கத் தொடங்கியபோது
அந்தக் கப்பலின் காப்டனுக்கு ரோஷம் வந்ததோ, பயமோ,
பாதி பழுது பார்த்த இஞ்சினை முடுக்கினான்.
கயிறு தொய்ந்தது.
பிறகு வெட்டி இழுத்தது.
என் தலைக்கு ஒரு முழம் மேலே
காற்று கிழிந்தது.

எங்கள் காப்டன் நொக்வாண்டா
ரேடியோவில் கத்தினாள்,
ஆங்கிலம் பாதி, ஜூலு பாதி:
"நிறுத்து மனுஷா!
உன்னை யார் உதவி கேட்டது?
கயிறு கழறாமல் பார்த்துக்கொள்.
அது போதும். இழுக்கிறது என் வேலை!"

அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.
கை நடுங்கியது, சிறுநீர் முட்டியது.
ஞானம் வருகிற நேரமா அது?

விடியற்காலை ஐந்தரை.
வீட்டுக்குப் போகிற வழியில் ரோபோட் சிவப்பு.
வலப்பக்கம் கடற்கரை,
இடப்பக்கம் நெடுஞ்சாலை, வீடு.
பையில் சம்பளம்.
கால் ஆக்ஸிலேட்டரில்
தன் கணக்கைத் தானே போட்டுக்கொண்டிருந்தது.
பன்னிரண்டாவது வாக்கு தொண்டை வரை வந்தது.
அந்த இடத்தில்தான்
நொக்வாண்டா மறுபடி கத்தினாள் என் காதுக்குள்,
உன்னை யார் உதவி கேட்டது.

பதினோரு முறையும்
கயிற்றையும் கட்டி
இஞ்சினையும் முடுக்கியிருக்கிறேன்.
வெட்டி இழுத்ததெல்லாம்
ஷெர்லினின் தலைக்கு மேலே.

வாக்கை விழுங்கினேன்.
சொன்னது ஒரே சொல்.
ஜெபம் என்று அதைப் பாஸ்டர் ஒப்புவாரோ தெரியாது.
"இழும்."

பிறகு விழவே இல்லை என்று எழுத ஆசைதான்.
செப்டம்பரில் ஒரு தரம் விழுந்தேன்.
மறுநாளும் அதே ரோபோட், அதே சொல்.
பின்னட்டையில் தேதி எதுவும் எழுதவில்லை.

கயிறு பிடிக்கிறவர்களுக்குத் தெரியும்,
நனைந்த கயிறு இறுகும்போது
பெரிய சத்தம் ஒன்றும் இராது.
உள்ளே குடித்த கடலெல்லாம்
பிழிந்து
சொட்டுச் சொட்டாய் விழும்.
அதைப் பார்த்துத்தான்
அந்தப் பக்கம் யாரோ இழுக்கிறார்கள் என்று அறிவோம்.

இன்றும் வெள்ளிக்கிழமை.
பச்சை விழுந்தது.
பின்னாலிருந்த டாக்ஸிக்காரன் ஹார்ன் அடித்தான்.
ஸ்டியரிங்கில் ஏதோ சொட்டியது, உப்பாக.
இடப்பக்கம் திரும்பினேன்.